சாவா மூவாப் பேராடு

கல்லூரி அன்னையின் ஜூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வரைந்தனுப்புமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, பழைய மாணவர் பலரையும் போல யாமும் பழைய நினைவுகளிலேயே கை வைக்க எண்ணினோம். மைதானத்து வேம்பும், காலைப் பிரார்த்தனை மண்டபமும், வெள்ளிக்கிழமைச் சிவபுராணமும், பிரம்போடு உலாவிய ஆசிரியரும் எழுதுவோர்க்கு என்றும் வற்றாத பொருள்கள். ஆயின் அவற்றை எம்மினும் நயம்பட எழுதவல்லோர் இம்மலரிற் பலர் இருப்பர். எம்மிடம் தீர்க்கப்படாத கடனொன்று இருக்கின்றது. 2011ஆம் ஆண்டில் எமது வகுப்புத் தோழர்கள் உள்ளூரிலிருந்தும், இலண்டன், ரொறன்ரோ, சிட்னி முதலாய இடங்களிலிருந்தும் ஒரு தீவுக் குறிச்சிக்கு விளக்கேற்றவெனப் பணம் அனுப்பினர். அப்பணத்தைச் செலவிட்டவர் யாம். அஃது என்னவாயிற்று என்பதைப் பழைய மாணவர் கூட்டங்களில் அரைகுறையாகச் சொல்லியிருக்கின்றோம், முழுவதும் சொன்னோமில்லை. இங்கே சொல்ல விழைகின்றோம்.

யாம் உயர்தர வகுப்பிற் பயின்றது 1990களின் முற்பகுதியில். குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போய், மண்ணெண்ணெய் பொன்னைப் போல அளக்கப்பட்ட காலம் அது. 'சிக்கன விளக்கு' என்றால் இக்கால மாணவர்க்கு விளங்காது. வெறும் ஜாம் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சு. பஞ்சு நனையுமளவுக்கு மண்ணெண்ணெய். கம்பியிற் செருகிய நூல்திரி. காற்றைத் தடுக்கப் போத்தலின் கண்ணாடியே காவல். அந்த ஒளியில் யாம் தூய கணிதம் படித்தோம். படித்தோம் என்பதிலும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊகித்தோம் என்பதே பொருந்தும். செய்தி கேட்கவேண்டின் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையாற் சுழற்றுவோம். டைனமோவிற் பிறந்த மின்னில் வானொலி பேசும். சுழற்றுபவன் களைத்தால் செய்தியும் களைத்து நின்றுவிடும். போரின் நடுவே எத்தனையோ செய்திகளை யாம் பாதியிற் கேட்டவர்கள்.

அக்காலத்தில் எமக்குச் சரித்திரம் படிப்பித்த ஆசிரியர் பாடப் புத்தகத்தை விட்டு அடிக்கடி வெளியே உலாவச் செல்பவர். ஒருநாட் சோழர் காலத்துக் கோயிற் சாசனங்களைப் பற்றிச் சொன்னார். கோயிலில் ஒரு நந்தா விளக்கு வைக்க விரும்பியவன் விளக்கை மட்டும் வார்த்துக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. பெரும்பாலும் 96 ஆடுகளையும் சேர்த்துக் கொடுப்பான். அவற்றைப் பேணும் இடையர் நாளொன்றுக்கு உழக்கு நெய் கோயிலுக்கு அளத்தல் வேண்டும். அந்த ஆடுகளைச் சாசனங்கள் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கும். பின்வாங்கிலிருந்த ஒருவன் எழுந்து, "சேர், ஆடு சாகாதோ?" என்றான். ஆசிரியர் சிரிக்காமற் சொன்னார்: "ஆடு சாகும், தம்பி. மந்தை சாகாது. கிழடு கழிய, குட்டி சேரும். எண்ணிக்கை குறையாமல் வைச்சிருக்கிறவன்தான் விளக்கெரிக்கிறவன்." வகுப்பு முழுவதும் சிரித்தது. பரீட்சையில் அவ்வினா வரவில்லை. யாமும் அதனை மறந்தோம்.

பேராதனையில் மின் பொறியியல் கற்று வெளியேறிய சில ஆண்டுகளின் பின், 2003ஆம் ஆண்டில், சப்பிரகமுவை மலைப்புறத்துச் சிற்றூரொன்றின் நீர்மின் நிலையத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டிற்று. உலக வங்கியின் கடனுதவியோடு 1997இலும் 2002இலும் தொடங்கிய இரு திட்டங்களின் வழியாக அத்தகைய ஊர் நீர்மின் நிலையங்கள் பல மலைக் கிராமங்களில் எழுந்தன. வீட்டுக்கூரைச் சூரிய மின்தொகுதிகள் காலப்போக்கில் ஓரிலக்கத்தையும் கடந்தன. யாம் கண்ட ஊரின் கணக்கு எளியது. ஓடையிலிருந்து வினாடிக்கு 20 லீற்றர் நீர். அது குழாய் வழியே 50 மீற்றர் இறங்குகின்றது. ஏட்டுக் கணக்கிற் பத்துக் கிலோவாற்றுக்குச் சற்றுக் குறைவு. குழாயிலும் சுழலியிலும் பிறப்பாக்கியிலும் கம்பியிலும் இழப்பவை போக எஞ்சுவது ஐந்து. வீடுகள் 40. ஆக, வீட்டுக்கு 125 வாற்று. மின்னழுத்திகள் ஐந்தினை ஊரில் ஒரே நேரத்திற் செருகினால் ஊரே இருண்டுவிடும்.

ஆதலின் அவ்வூரில் ஒரு மின் நுகர்வோர் சங்கம் இருந்தது. மாலை ஆறு மணிக்குப் பின் உடுப்பு அழுத்தலாகாது. வாய்க்கால் துப்புரவு செய்யும் நாளில் வீட்டுக்கொருவர் வராவிடில் தண்டம். சங்கத் தலைவர் சில்லறைக் கடை வைத்திருந்த ஒரு முதியவர். இயந்திரத்தைக் காட்டுமாறு யாம் கேட்டோம். அவரோ முதலிற் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். அதனை ஓர் உபசாரம் என்றெண்ணி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, சுழலியைப் பார்க்க எழுந்தோம். இளமையில் எமக்குச் சக்கரங்கள் மேற் காதல். கணக்கேடுகள் மேல் இல்லை.

இனித் தீவுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியன தரைவழி இணையாதவை. வள்ளமே வழி. அங்கே மின்சாரமென்பது நீண்ட காலம் டீசல் பிறப்பாக்கிகளின் தயவிலிருந்தது. ஒரு லீற்றர் டீசலிற் கிடைப்பது ஏறத்தாழ மூன்று அலகு மின். அந்த லீற்றரும் பீப்பாவில் அடைபட்டுக் கடல் கடந்து வரவேண்டும். அத்தீவுகளுள் ஒன்றின் கடைக்கோடியில், மின்கம்பம் சென்று முடியும் இடத்துக்கும் அப்பால், பனங்கூடலுக்குப் பின்னே 32 வீடுகளும் ஓர் ஆரம்ப பாடசாலையும் ஒரு சிறு அம்மன் கோயிலும் உள்ளன. பெயரைக் குறிப்பிடாது விடுகின்றோம். குறை எம்முடையதாக இருக்க, பெயர் ஊருக்கு வருதல் நியாயமன்று.

2011ஆம் ஆண்டு மாசி மாதத்தில் யாம் அங்கு சென்றோம். வானம் கழுவித் துடைத்த கண்ணாடி போலிருந்தது. வீடு வீடாகச் சென்று, எத்தனை அறை, எத்தனை விளக்கு வேண்டும் என்று கேட்டு எழுதினோம். ஒரே நாளில் வேலை முடிந்தது. அதிற் பெருமையும் கொண்டோம். மூன்று மாதத்தில் வீட்டுக்கொரு 40 வாற்றுச் சூரிய மின்தகடு, ஒரு பற்றறி, மூன்று மின்குமிழ் எனப் பொருத்தி முடித்தோம். பாடசாலையில் வைபவம், மாலை மரியாதை, வடையும் தேநீரும். பழைய மாணவர் செய்திமடலில் வந்த புகைப்படத்தில் யாம் நடுவில் நிற்கின்றோம்.

அன்று கூட்டம் கலையும் வேளையில் ஓர் ஆச்சி எம் கையைப் பற்றிக்கொண்டு கேட்டார்: "தம்பி, விளக்குத் தந்திட்டியள், சந்தோசம். இது நூந்தால் ஆரிட்டைப் போறது?"

"நூராது ஆச்சி, இருபத்தைஞ்சு வருசம் நிக்கும்" என்றோம்.

பொய் சொல்லும் எண்ணம் எமக்கிருக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டு என்பது மின்தகட்டின் ஆயுள். அதனை விளக்கின் ஆயுளாகச் சொன்னோம். ஈயப் பற்றறியின் ஆயுளோ, நன்கு பேணினால் ஐந்தாண்டு, பேணாவிடின் இரண்டு. பற்றறிக்கு யார் பணம் வைத்திருக்கிறார் என்பது எமது திட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை.

2013இல் மீண்டும் சென்றபோது 32 வீடுகளில் 7 வீடுகளிலேயே விளக்கெரிந்தது. எஞ்சிய வீடுகளில் ஜாம் போத்தல் இல்லையே தவிர, குப்பி விளக்கு மீண்டு வந்திருந்தது. மின்தகடுகள் மட்டும் குறையேதுமின்றி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டில் தகட்டை இறக்கிச் சாய்த்து வைத்து அதன்மேற் புழுக்கொடியல் காயவிட்டிருந்தார்கள். அதுவும் சூரிய சக்தியின் பயன்பாடே எனத் தோழரொருவர் பின்னர் பகடி செய்தார். அன்று எமக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு வீடாக இருந்து விசாரித்தோம். முதற் காரணம் மாதம். யாம் அளந்தது மாசி வெயிலில். விளக்கு வேண்டப்பட்டதோ கார்த்திகை மாரியிலும். மழைக்காலத்திற் பற்றறி நாட்கணக்கில் முழுமையாக நிரம்பாது கிடந்தது. ஈயப் பற்றறியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி வறளவிட்டால் அதன் தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். பின்னர் எவ்வளவு வெயில் வந்தாலும் அது பழைய கொள்ளளவுக்கு மீளாது. தகரக் கூரையின் வெக்கை வேறு. அளவுக்கு மீறி வறளாமற் காக்கும் கட்டுப்படுத்திப் பெட்டியைப் பல வீடுகளில் விலக்கிவிட்டு நேரே கம்பி கொடுத்திருந்தனர். பிள்ளை பரீட்சைக்குப் படிக்கும்போது தானாகவே விளக்கை அணைக்கும் பெட்டியை எந்தத் தாய்தான் விட்டுவைப்பாள்? அப்பெட்டி ஏன் அணைக்கின்றது என்று யாம் ஒருவருக்கும் சொன்னதில்லை.

இரண்டாவது காரணம் எம்மை நெடுநேரம் பேசாமலிருக்கச் செய்தது. ஒரு கடற்றொழிலாளர் பற்றறியை நாள்தோறும் கழற்றித் தம் வள்ளத்துக்குக் கொண்டுபோயிருந்தார். உப்பு நீர் பட்டு அது ஓராண்டிற் செத்தது. "வீட்டில விளக்கில்லாட்டி இருட்டில இருக்கலாம் ஐயா; கடலில விளக்கில்லாட்டி மற்ற வள்ளம் வந்து ஏறும்" என்றார். இரவில் விளக்கு இன்றியமையாத இடம் அவருக்குக் கடலாயிருந்தது. எமது படிவத்தில் அறைகளை எண்ணக் கட்டமிருந்தது, கடலுக்குக் கட்டமில்லை.

ஊருக்கு மீண்டு, நடந்ததைத் தோழர்களுக்கு எழுதினோம். முழுவதும் எழுதவில்லை என்பதை மேலே ஒப்புக்கொண்டோம். 'சில தொழில்நுட்பக் கோளாறுகள்' என்றே எழுதினோம். அவர்கள் பெருந்தன்மையோடு மறுமுறையும் பணம் திரட்டினர். இம்முறை யாம் அப்பணத்தைத் தொட அஞ்சினோம். 2014ஆம் ஆண்டு பாடசாலை விடுமுறையில் ஒன்பது நாள் அக்குறிச்சியிலே தங்கினோம். எத்தனை விளக்கு என்று ஒருவரையும் கேட்கவில்லை. பொழுது பட்டதிலிருந்து விடியும் வரை என்ன செய்கின்றீர்கள் என்று மட்டும் கேட்டோம். மறுமொழிகளை மணிவாரியாக எழுதினோம்.

அப்போதுதான் தெரிந்தது, அக்குறிச்சியின் இரவு எமது இரவு அன்று. மாலை ஏழு முதல் ஒன்பது வரை பிள்ளைகள் படிப்பு. அத்தோடு பெரும்பாலோர் படுத்துவிடுவர். பின்னர் அதிகாலை மூன்று மணிக்குப் பெண்கள் எழுவர். தொழிலுக்குப் போவோருக்குச் சோறாக்கவேண்டும். வலையும் கயிறும் எடுத்துக் கொடுக்கவேண்டும். விளக்கு அவசியம் வேண்டும் நேரம் அந்த மூன்று மணி. பற்றறி ஆகக் குறைந்து நிற்கும் நேரமும் அதுவே. முதல் திட்டத்தில் மாலை ஆறிலிருந்து பத்து வரையே கணக்கிட்டிருந்தோம். பட்டணத்து வீட்டிலிருந்து கணக்கிட்டால் அப்படித்தான் வரும்.

இரண்டாவது திட்டத்தில் வீட்டுக்கு வீடு தனித்தனியாகக் கொடுக்காமல், பாடசாலை வளவில் ஒரே இடத்தில் 5 கிலோவாற்று மின்தகடுகளையும் ஒரு பற்றறித் தொகுதியையும் வைத்துக் கம்பி இழுத்தோம். வீட்டுக்கு நாளொன்றுக்கு 300 வாற்று-மணி. ஏழு வாற்று எல்.ஈ.டி. குமிழ் நான்கை ஐந்து மணி நேரம் எரித்தால் 140. கைத்தொலைபேசிக்கும் வானொலிக்கும் 30. சிறு விசிறி மூன்று மணி நேரம் சுழன்றால் 120. அவ்வளவே. 32 வீட்டுக்கும், பாடசாலை, கோயில், கடற்கரை விளக்கு ஆகியவற்றுக்கும் சேர்த்து நாளுக்கு ஏறத்தாழ 11 அலகு. அதனைப் பற்றறியின் பாதிக்கு மேலே நின்றே எடுக்கவேண்டுமாதலால் 28 அலகுக்குமேற் கொள்ளும் தொகுதி வேண்டியிருந்தது. அளவெல்லாம் கார்த்திகை மாத வெயிலை வைத்தே. மாசி பங்குனியில் வீணாகும் மின் வீணாகட்டும் என்று விட்டோம். வள்ளங்களுக்கான சிறு பற்றறிகளைப் பகலில், வெயில் மிகுந்திருக்கும் நேரத்தில், மின்னூட்டித் தர ஒரு மேசை வைத்தோம்.

காற்றாடி வைக்கவில்லையா என்று பலர் கேட்பர். தீவகத்திற் காற்றுக்குப் பஞ்சமில்லை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் அடிக்கும். மாரியின் பின் வாடை. இரண்டுக்கும் இடையே ஐப்பசியை ஒட்டிக் காற்றும் ஓய்ந்து வானமும் மூடும் சில வாரங்களே திட்டம் வகுப்போனின் அக்கினிப் பரீட்சை. பெரிய தீவு முழுவதற்கும் வகுக்கும்போது வெயிலும் காற்றும் ஒன்றையொன்று தாங்கும். எஞ்சிய நாட்களுக்கு டீசல் பின்னால் நிற்கும். எழுவைதீவில் 2010களின் பிற்பாதியில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அமைந்தது அவ்வகைக் கலப்புத் தொகுதியே. எமது 32 வீட்டுக்கோ, உப்புக்காற்றில் சுழன்று தேயும் ஒரு யந்திரத்தைக் கம்பத்தின் உச்சியில் ஏறித் திருத்த ஆளில்லை. ஆதலின் காற்றாடி வேண்டாமென்று முடிவு செய்தோம். இன்றும் சிலர் அதனைக் குறைகூறுவர். யாம் மாறவில்லை.

ஐஸ் விடயத்தில் மனம் வருந்தினோம். தொழிலாளர் அனைவரும் கேட்டது விளக்கன்று, ஐஸ். மீன் பழுதாகாது ஒருநாள் நின்றால் விலை பேசலாம். ஆயின் நாளொன்றுக்கு நூறு கிலோ ஐஸ் ஆக்க ஏறத்தாழ அக்குறிச்சி முழுவதும் ஒருநாள் பாவிக்கும் மின் வேண்டும். கணக்கை மணலில் எழுதிக் காட்டினோம். ஒரு சம்மாட்டி நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப இது வெளிச்சத்துக்கு மட்டுந்தான், தொழிலுக்கில்லை. சரி, சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ" என்றார். 2011இல் யாம் செய்யாதது அந்தச் சொல்லிப்போட்டுச் செய்தலே.

இனிப் பேராட்டுக்கு வருவோம். பற்றறித் தொகுதியின் விலை அன்று ஏறத்தாழ ஆறு இலட்சம் ரூபா. ஆயுள் ஐந்தாண்டு எனக் கொண்டோம். ஆறு இலட்சத்தை 32 வீட்டுக்கும் 60 மாதத்துக்கும் பகிர்ந்தால் மாதம் வீட்டுக்கு 313 ரூபா. பராமரிப்புக்கும் இயக்குநரின் படிக்கும் 87 சேர்த்து 400 என்று வைத்தோம். 313 ரூபா வங்கியிற் சேரும், எவரும் தொடலாகாது. கூட்டத்தில் இதனை விளக்கும்போது தான் பள்ளிக்கூடத்துச் சரித்திர வகுப்பு திடீரென நினைவில் எழுந்தது. ஆட்டு மந்தைக் கதையைச் சொன்னோம். எமது கணக்கு விளங்காத முதியோருக்கும் ஆடு விளங்கிற்று. அன்றிலிருந்து அக்குறிச்சியில் அந்தப் பணத்துக்குப் பெயர் 'ஆட்டுக் காசு'. ஆட்டுக் காசுக்குப் பொறுப்பாளராகக் கோயிற் காசாளரையே நியமித்தனர். அம்மன் கணக்கில் ஒரு சதம் பிசகாதவர்.

மூன்று வீடுகளால் 400 ரூபா கொடுக்க இயலாது. மூன்றும் போரிற் கணவரை இழந்த பெண்களின் வீடுகள். தோழரொருவர் அவர்களின் பங்கை வெளிநாட்டிலிருந்து தாம் அனுப்புவதாகச் சொன்னார். காசாளர் இசையவில்லை. "நீங்கள் அனுப்பிறது ஒருநாள் நிக்கும் ஐயா. அண்டைக்கு அந்த மூண்டு வீடும் இருட்டாகும்" என்றார். வாதம் நீண்டது. கம்பியை வெட்டவேண்டும் என்றவரும் இருந்தனர், பெயர்கள் வேண்டா. அப்போது அம்மூவருள் ஒருவர் எழுந்து, "காசு என்னட்டை இல்லை. கை இருக்கு. தகடு துடைக்கிறதும் பற்றறிக்குத் தண்ணி விடுறதும் நான் செய்யிறன்" என்றார். ஆண்கள் சிலர் நகைத்தனர். மற்ற இரு வீட்டின் பங்கைக் கோயில் ஏற்றுக்கொண்டது. அந்தப் பெண்ணுக்கு யாம் மூன்று நாளில் வோல்ற்றுமானி பிடிக்கவும், வடிநீர் அளவு பார்க்கவும், ஆணிகளிற் பூக்கும் பச்சைக் களிம்பைச் சுரண்டவும் காட்டிக் கொடுத்தோம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இன்று அவருடைய நாட்குறிப்புக் கொப்பிகள் எமது அலுமாரியில் உள்ளன. எம் தொழில் வாழ்வில் அத்துணை ஒழுங்கான பதிவேட்டை வேறெங்கும் கண்டதில்லை.

2020ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பற்றறிகள் ஆயுள் முடிந்தன; கணித்ததிலும் சில மாதம் மிகுதியாகவே உழைத்தன. ஆட்டுக் காசு வட்டியோடு ஏழு இலட்சத்துக்கு மேல் இருந்தது. விலையோ எட்டைத் தாண்டியிருந்தது. குறைந்த ஓரிலக்கத்தை எம் தோழர்கள் கடனாகக் கொடுத்தனர்; நன்கொடையாக வாங்கச் சங்கம் மறுத்தது. விளக்கு ஓரிரவுகூட நூராமல் பழைய மந்தை போய்ப் புது மந்தை வந்தது. அன்று எமக்கிருந்த மகிழ்ச்சி 2011இன் மாலைகளுக்கு இல்லை.

ஆயின் எமது கணக்கில் இன்னுமொரு துளை இருந்தது. சங்கம் சேர்த்தது ரூபாயில்; பற்றறிக்கு விலை டொலரில். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருநூற்றுச் சொச்சமாயிருந்த டொலர் சில மாதங்களில் முந்நூற்று அறுபதை எட்டியபோது, வங்கியிலிருந்த மந்தை ஒருவரும் திருடாமலே இளைத்துப் போயிற்று. சோழர் காலத்து இடையனுக்கு இந்தக் கவலை இருந்திராது. அவன் சேர்த்தது ஆடு, கொடுத்தது நெய். சங்கம் கூடி மாதப் பணத்தை 700 ஆக உயர்த்தியது. குறைப்பட்டுக்கொண்டே பெரும்பாலோர் கொடுத்தனர்.

அதற்குமேல் வந்தது ஒரு நற்செய்தி. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இந்திய அரசின் நன்கொடையிற் கலப்பு மின்தொகுதி அமைக்க 2022 மார்ச்சில் உடன்படிக்கையும், 2024 மார்ச்சில் வேலை ஒப்பந்தமும் கைச்சாத்தாயின. மூன்று தீவுக்கும் சேர்த்துச் சூரிய மின் 1,700 கிலோவாற்று, காற்று மின் 530, பற்றறி 2,400 அலகு, துணைக்கு டீசல் 2,500 கிலோவாற்று என அறிவிக்கப்பட்டது. எமது 5 கிலோவாற்றை அதனோடு வைத்துப் பார்த்தால் யானைக்கு அருகே அணில். தீவகத்துக்கு அத்தகைய திட்டம் வேண்டும். ஐஸ் ஆக்க அதனாலேயே முடியும். ஆயின் 'லைன் வருகுதாம்' என்ற சொல் தீவகமெங்கும் பரவிய மாதத்திலிருந்து எமது குறிச்சியில் ஆறு வீடுகள் ஆட்டுக் காசு கொடுப்பதை நிறுத்திவிட்டன. வரப்போகும் கம்பிக்காக எரிகின்ற விளக்குக்கு எண்ணெய் விடாமல் இருக்கின்றனர். அவர்களோடு கோபிக்கவும் எமக்கு வாய் வரவில்லை. மலையகத்துச் சிற்றூர்கள் பலவற்றிலும் இவ்வாறே நிகழ்ந்தது. யாம் 2003இற் பார்த்த நிலையமும் தேசிய மின்கம்பி வந்தபின் கைவிடப்பட்டது என்று பின்னாளிற் கேள்வியுற்றோம். அந்தக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அந்த முதியவர் எப்படி எழுதியிருப்பார் என்று இப்போது அறிய விரும்புகின்றோம்; அன்று நின்று படித்தோமில்லை.

2024ஆம் ஆண்டின் இறுதியில் நிலை இது: பற்றறிகளுக்கு ஐந்தாம் ஆண்டு. வங்கியில் ஏழு இலட்சத்துக்குச் சற்று மேல். கேட்டறிந்த விலை பதின்மூன்று. ஏறத்தாழ அதே விலைக்கு இருமடங்கு ஆயுளுள்ள லிதியப் பற்றறி வாங்கலாம் என்பது எமது மதிப்பீடு. பெரிய தொகுதி வந்து சேர்ந்தாலும் அதனைப் பாடசாலைக்கென வைத்திருக்கலாம். குறையும் ஆறு இலட்சத்தைச் சங்கம் கடனாகவே கேட்கின்றது, ஆண்டுத் தவணையில். தருவதா, பெரிய கம்பி வரும்வரை பொறுப்பதா என்பதைத் தோழர்கள் முடிவு செய்தல் வேண்டும். முன்னர் அனுப்பிய பணத்தின் முதற் பாதியை யாம் வீணாக்கியதை அறிந்துகொண்டு முடிவு செய்யட்டும் என்பதற்காகவே இத்தனையும் எழுதினோம். ஆச்சி இப்போது இல்லை. அவருடைய மகள் வீட்டு விளக்கு எரிகின்றது. அவரும் மாதந்தவறாது 700 கொடுக்கின்றார்.

2024 விளக்கீட்டன்று மாலை, மூன்று நாள் மழைக்குப் பின், அந்த இயக்குநர் எமக்குத் தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்பினார்: "ஐயா, 47.8 வோல்ற்றில நிக்குது. விடிய மூண்டு மணிக்கு எல்லாருக்கும் தேவைப்படும். அதால ஏழு மணிக்கு நிப்பாட்டிறன். வீடு வீடாப் போய்ச் சொல்லிப்போட்டன். இண்டைக்கு எல்லா வாசலிலையும் சிட்டி விளக்கு இருக்குத்தானே."